உனக்கு நான் போட்ட சொல்

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஃப்ளெக்ஸ் மையின் வாடை முகத்தில் அடித்தது. பூட்டிக் கிடந்த கடைக்குள் அது பெயின்ட்டும் மண்ணெண்ணெயும் கலந்ததுபோல் தேங்கி நிற்கும். நீ முதல் நாள் வந்தபோது துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி இது, இந்த நாத்தத்துல எப்டி குந்திக்கினு கீற?" என்றாய். ஒரு வாரத்தில் உனக்கும் பழகிவிட்டது. இன்று நான் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போகாமல் வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கரையான்சாவடி ரோட்டில் பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டரில் உன் பெயரில் ஒரு ஃபைல் காத்திருக்கிறது. சனிக்கிழமை உன் அப்பா வந்திருந்தார். திருமழிசையில் ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருப்பார் போல, சட்டையில் கிரீஸ் கறை இருந்தது. உன் போட்டோவை என் போனுக்கு அனுப்பிவிட்டு, கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வர்ற வெள்ளிக்கெழமையோட ஒரு வருஷம் ஆவுதும்மா. நினைவஞ்சலி போஸ்டர் போடணும். போன தடவ அவசரத்துல அவ மாமன் எழுதி வாங்கியாந்தத போட்டுட்டோம். இந்த தடவ மேட்டர நீயே எழுதிடு. நீதான கூடவே இருந்த."

சரி என்று தலையாட்டினேன். எத்தனையோ பேருக்கு அஞ்சலி வாசகம் அடித்த விரல்கள் எனக்கு. உனக்கு மூன்று வரி எழுதி முடிக்க முடியவில்லை. ஒரே ஒரு சொல்லைப் போடாதே என்று நீ என்னிடம் கேட்டிருந்தாய். போன முறை அதைத்தான் போட்டேன். இந்த முறை என்ன செய்வது என்று தெரியாமல்தான் உனக்கு இதை எழுதத் தொடங்கினேன்.

நாம் இருவரும் ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன வருஷம் நான் பள்ளியை விட்டு நின்றேன். வகுப்பில் யாரும் அதைப் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். இருக்கும்போதும் நான் பேசியதில்லை. டைப்பிங் கற்றுக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருக்கலாம், யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. பத்தாவது முடித்துவிட்டு நீயும் அதே கடைக்கு வந்து நின்றபோது, "இவ பேச மாட்டாண்ணே, நான் பேசறேன், இவ அடிக்கட்டும்" என்று முதலாளி அண்ணனிடம் நீயே வேலையைப் பிரித்துவிட்டாய். அவரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அப்படித்தான் நீ கவுன்டர், நான் கம்ப்யூட்டர் என்று ஆனது.

'அஞ்சலி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், நினைவிருக்கிறதா. இத்தனை வருஷத்தில் கடையில் அடித்த அஞ்சலி போஸ்டர் எல்லாம் அதில் உண்டு. யாராவது கண் சிவந்து வந்து நின்றால், அதிலிருந்து ஒன்றை எடுத்து, பெயரையும் போட்டோவையும் மாற்றி, அரைமணியில் கொடுத்துவிட வேண்டும். எல்லாக் கடையிலும் அப்படித்தான். துக்க வீட்டில் உட்கார்ந்து எழுத யாருக்கு நேரம் இருக்கிறது. ஆனால் நீ வந்த முதல் வாரத்திலேயே அந்த ஃபோல்டரில் இருந்த அத்தனையையும் கதைப் புத்தகம் மாதிரி படித்து முடித்தாய்.

"ஏய் ஊமச்சி, பாத்தியா. இவரு காலமானாரு. இவரு சிவலோக பதவி அடைஞ்சாரு. இந்த கட்சிக்காரரு இயற்கை எய்தினாரு. எங்க சர்ச் ஆளுங்க எல்லாம் நித்திரை அடையறாங்க. ஒர்த்தன் கூட ஒரே எடத்துக்குப் போவல."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "சும்மா சொல்லலடி. போஸ்டர பாத்தாலே அந்த ஊட்ல இன்னா நெனைக்கிறாங்கன்னு தெரியுது" என்றாய்.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு அண்ணன் தம்பி வந்த நாளை மறக்க முடியாது. அப்பா ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர், விடியற்காலையில் போய்விட்டார். பெரியவர் நெற்றி நிறைய விபூதி வைத்திருந்தார். சிவலோக பதவி என்று போடச் சொன்னார். சின்னவர் கையை ஓங்காத குறை.

"அப்பா யூனியன்ல இருந்தவருண்ணே. ஒரு நாள் கோயில் வாசல மிதிச்சிருக்காரா? இயற்கை எய்தினார்னு போடு தங்கச்சி."

"அம்மா ஊட்ல உயிரோட கீறாங்கடா. அவங்க படிக்க வேணாமா?"

"அம்மாக்கு எழுதவா போஸ்டர்? போனது அப்பா."

நான் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நீதான் கவுன்டரில் முழங்கையை ஊன்றி, "அண்ணாத்தே, ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. கடேசியா அவரு யாராண்ட பேசினாரு?" என்று கேட்டாய். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாக அவர்களுடைய அம்மாவிடம்தான் பேசியிருக்கிறார், ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி. சின்னவர் அதைச் சொல்லும்போதே உடைந்துவிட்டார். நீ என் பக்கம் திரும்பி, 'எங்களை விட்டுப் பிரிந்தார்' என்று அடிக்கச் சொன்னாய். இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். பெரியவர் போனை எடுத்து, யாரிடமோ மேட்டர் ஓகே என்றார்.

அவர்கள் போன பிறகு கேட்டேன், எப்படி அந்தச் சொல்லைப் பிடித்தாய் என்று. "அது, அவரு எங்க போனாருன்னு சொல்லாது. யார உட்டுட்டுப் போனாருன்னு மட்டுந்தான் சொல்லும். அதுல சண்டை போட இன்னா கீது?" என்றாய்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். நீ ரேஷன் கார்டு வேலையாகப் பூந்தமல்லி போயிருந்த நாள். அண்ணன் மெஷினில் ஃப்ளெக்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் வந்தார், ஏதோ கம்பெனி யூனிஃபார்ம் சேலையில். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்றார். பெயர் எழுதிய ஒரு சீட்டும் போட்டோவும் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க வெட்கம். ஃபோல்டரில் மேலாக இருந்ததை எடுத்தேன், ஒரு ரிட்டயர்டு வாத்தியாருடையது. பெயரை மாற்றினேன், போட்டோவை வைத்தேன், 'அன்னாரது ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டும்' என்ற வரியைத் தொடாமல் விட்டேன். போட்டோவில் இருந்தது இரட்டைப் பின்னல் போட்ட எட்டு வயதுப் பெண்.

அவர் திரையருகே வந்து ரொம்ப நேரம் படித்தார்.

"அன்னார்னா யாரும்மா?"

நான் மவுஸை அந்த வரிக்கு நகர்த்தினேன்.

"பெரியவங்களுக்குப் போடறதா இது? எம்பொண்ணு மூணாங்கிளாஸும்மா." குரலில் கோபமே இல்லை. "அத யாரும் அப்டி கூப்பிட்டதில்ல."

கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அந்த நேரத்தில்தான் நீ ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தாய். என் முகத்தைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது. ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாய்.

"அக்கா, ஊட்ல இன்னான்னு கூப்டுவீங்க பாப்பாவ?"

"குட்டிம்மா."

"ஸ்கூல்லேந்து வந்தா இன்னா பண்ணும்?"

"பையத் தூக்கி வாசல்லயே போட்டுரும். எவ்ளோ திட்டினாலும் அங்கதான் போடும்." சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, "இப்போ வாசல் சுத்தமா கீது" என்றார்.

நீ என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அடித்தேன். 'குட்டிம்மா, நீ இல்லாமல் ஒரு வருஷம். அம்மா, அப்பா, தம்பி.' அவ்வளவுதான். ஆண்டு என்று அடித்ததை அழித்து வருஷம் என்று போடச் சொன்னாய். "அவங்க ஆண்டுன்னா சொல்லுவாங்க?" என்றாய். அந்த அம்மா திரையில் இருந்த 'குட்டிம்மா'வின் மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்.

"எங்க சித்தப்பா ஆக்சிடென்ட்ல போனாரு தெரியுமில்ல. ரெண்டு நாளு ஆஸ்பத்திரில. வராண்டா முழுக்க அவரு கத்தறது கேக்கும். நான் காத மூடிக்கினு நின்னுக்கினு இருந்தேன். மூணாவது நாளு போஸ்டர்ல இன்னா போட்டாங்க தெரியுமா? கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்."

"அது வழக்கம்தானடி" என்றேன்.

"வழக்கம்தான். எனக்கும் தெரியும். ஆனா அவரு பட்டது எங்க போச்சு? ஒரு வார்த்தைய போட்டு மூடிட்டாங்க." டீ கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "எனக்கு எதனா ஆச்சுன்னா நீதான அடிக்கப் போற. நித்திரைன்னு மட்டும் போடாத."

"வாய மூடு."

"சத்தியம் பண்ணு."

"லூசு."

"பண்ணுடி ஊமச்சி."

உன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நீ உடனே சிரித்து, பஜ்ஜி வாங்கிக் கொடு என்றாய். விளையாட்டு என்றுதான் அன்று நினைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. திங்கட்கிழமை காய்ச்சல் என்று போன் செய்தாய். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக மெசேஜ் வந்தது, கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. வியாழக்கிழமை வந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். அன்று அவசரமாக ஒரு கல்யாண பேனர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மெசேஜ் எதுவும் வரவில்லை. சனிக்கிழமை காலையில் உன் மாமா கடை வாசலில் பைக்கை நிறுத்தினார்.

அவர் கையில் ஒரு தாள் இருந்தது. சர்ச்சில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம் கொடுத்தார். "உன்னால முடியலன்னா நான் அடிக்கறேம்மா" என்றார். நானே அடிக்கிறேன் என்று தலையாட்டினேன். வேறு யாரும் உன் பெயரை அடிக்கக் கூடாது என்று தோன்றியது.

உன் பெயருக்கு முன்னால் 'செல்வி' என்று அடித்தேன். தாளில் அடுத்த வரி என்ன என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தில் என் விரல் நின்றது. உன் மாமா பின்னால் நின்றுகொண்டிருந்தார். திரும்பி, "மாமா, அவ இந்த வார்த்தை வேணாம்னு சொல்லியிருக்கா" என்று சொல்ல வேண்டும். பத்துச் சொல் கூட இல்லை. தொண்டை வரைக்கும் வந்தது.

"சீக்கிரம்மா. மூணு மணிக்கு எடுக்கறாங்க" என்றார் அவர். அழுது அழுது அவர் குரல் கிழிந்திருந்தது.

நான் அடித்தேன். கர்த்தருக்குள் நித்திரை அடைந்தாள்.

அண்ணன் வந்து குனிந்து பார்த்து, "வேற எதனா மாத்தணுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். மாமாவிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று சொல்ல முடியாது. குட்டிம்மாவின் அம்மாவிடம் கேட்காமல் விட்டது போலவே உனக்கும் சொல்லாமல் விட்டேன். அங்கே திருத்த நீ வந்தாய். இங்கே யார் வருவார்கள்?

பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச் சுவரில் உன் முகம் ஒரு மாதம் இருந்தது. நான் பின் தெரு வழியாக நடந்து போய், அடுத்த ஸ்டாப்பில் திருவேற்காட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வண்டி பிடித்தேன். மழையில் சுவரில் இருந்த மற்றதெல்லாம் ஊறி விழுந்தது. உன்னுடையது விழவில்லை.

அதனால்தான் சனிக்கிழமை உன் அப்பா என்னையே எழுதச் சொன்னபோது, உள்ளே பயமும் ஒரு நிம்மதியும் சேர்ந்து வந்தது. இந்த முறை சத்தியத்தைக் காப்பாற்றலாம். அன்றே ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். 'எங்களை விட்டுப் பிரிந்து' என்றால் அந்த ஆவடிக்காரர் ஞாபகம் வந்தது. 'மறைந்து' என்றால் நீ எங்கேயோ ஒளிந்துகொண்டிருப்பது போல இருந்தது. கடைசியில், 'நீ இல்லாத ஒரு வருஷம்' என்று எழுதி வைத்துக்கொண்டேன். உன் வழியில் எழுதியது. உன் அம்மாவிடம் படித்துக் காட்டி, எதனால் பழைய சொல்லை எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் போகும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

உன் அம்மா இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும், "வா கண்ணு, குந்து" என்று சொல்லிவிட்டு, சர்ச்சுக்குப் போய்வந்த சேலையோடு அப்படியே டீ போடப் போனார். திரும்பி வந்தபோது, நான் வாயைத் திறக்கும் முன், பீரோவிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அடித்த போஸ்டர். மடிப்பில் எல்லாம் நைந்துபோயிருந்தது.

"இது நீ அடிச்சதாமே. அவங்கப்பா சொன்னாரு."

ஆமாம் என்றேன்.

"அஞ்சு நாளு எம்பொண்ணு கண்ண மூடலம்மா. ஒடம்பெல்லாம் வலிக்குது, தூக்கம் வரல, தூக்கம் வரலன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. நர்ஸம்மா கையப் புடிச்சிக்கினு, எனக்குத் தூங்கறதுக்கு எதனா குடுங்கன்னு கெஞ்சிச்சு. கடேசி வரைக்கும் முழிச்சிக்கினேதான் இருந்துச்சு." அவர் தாளில் அந்த வரியைத் தடவினார். "எனக்கு எதுவுமே காதுல ஏறல அன்னிக்கி. ஃபாதர் பேசினது, பாட்டு, எதுவும். ஊட்டு வாசல்ல இத ஒட்டிக்கினு இருந்தாங்க. நித்திரைன்னு போட்டிருந்துச்சு. சரி, புள்ள இப்போ தூங்குதுன்னு நெனச்சேன். அதுக்கப்புறந்தான் எனக்கு அழுகையே வந்துச்சு."

டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"இந்த வாட்டியும் அப்டியே போட்ரும்மா. அந்த வார்த்தை மட்டும் எடுத்துராத" என்றார்.

என் பைக்குள் எழுதி வந்த தாள் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. இந்த முறை வாய் வராததால் இல்லை. நீ என்னிடம் கேட்டதை நான் அவரிடம் சொல்லியிருந்தால், ஒரு வருஷமாக அவர் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே சொல்லையும் பிடுங்கியிருப்பேன். உன் சித்தப்பாவின் கதறலை மூடிய சொல்தான் அது. உன் அம்மாவுக்கு அதே சொல் உனக்குப் போர்த்திவிட்ட போர்வையாக இருக்கிறது. யார் கண்ணில் படுகிறதோ அவர்களுக்குத் தகுந்தபடி அது வேறாகிறது. நீ இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாய் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். உன் அம்மா சொன்னதைக் கேட்ட பிறகும் வேண்டாம் என்பாயா? இல்லை, ஸ்டூலை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடிடி என்று என்னிடம் நீயே சொல்லியிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்கவும் முடியாது.

இப்போது மேட்டர் முடிந்துவிட்டது. 'சொல்லொணாத் துயரத்துடன்' என்பதை எடுத்துவிட்டேன். 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்பதையும் எடுத்துவிட்டேன். வருஷம் என்று போட்டேன், ஆண்டு என்று போடவில்லை. கடைசி வரியில் அம்மா, அப்பா என்பதற்குக் கீழே, உன் அப்பா சொன்னபடி, என் பெயரும் இருக்கிறது. அந்தச் சொல்லை அப்படியே விட்டேன். அண்ணன் பின்னால் வந்து நின்று படித்தார். "மாத்தலயாம்மா?" என்றார். "அவங்க அம்மா கேட்டாங்கண்ணே" என்றேன். மெஷினுக்கு அனுப்பிவிட்டார்.

உனக்குச் செய்த சத்தியத்தை இரண்டாவது முறையும் மீறினேன், இந்த முறை தெரிந்தே. என்ன செய்வது என்று தெரியாமல் தொடங்கிய இந்த மடல், அதற்கு மன்னிப்புக் கேட்பதாக முடியும் என்று நினைத்தேன். இப்போது திரும்பப் படித்தால், இவ்வளவு தூரம் எழுதியும் நானும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். மாமா பைக்கை நிறுத்தினார் என்று எழுதியிருக்கிறேன். நீ இல்லாத வருஷம் என்று எழுதியிருக்கிறேன். ஃபோல்டரில் இருக்கும் அத்தனை போஸ்டரையும் போல, நேரான சொல்லைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

இந்தத் தாளை யாரும் சுவரில் ஒட்டப் போவதில்லை. உன் அம்மா படிக்கப் போவதில்லை. அதனால் இங்கே அடிக்கிறேன். நீ செத்துவிட்டாய். தூங்கவில்லை. உடம்பெல்லாம் வலியோடு, விழித்தபடியே, தூங்குவதற்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே செத்துவிட்டாய். உனக்குப் பதினேழு வயது. உன்னை வந்து பார்க்க வேண்டிய நாளில் நான் கல்யாண பேனர் அடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்திலேயே இருந்து பார்த்த உன் அம்மா இதை மறந்தால்தான் காலையில் எழுந்திருக்க முடியும். அவர் மறக்கட்டும். நீ பட்டதை நான் மறக்காமல் வைத்திருக்கிறேன்.